செப்சிஸுக்கு ஒதுக்கும் பணம்: ஐசியு படுக்கையா, அலாரம் போடும் கம்ப்யூட்டரா, காஷுவால்ட்டியில் ஒரு பெட்டியா?

கடலூர் பக்கத்தில் நூறு, நூற்றைம்பது படுக்கை உள்ள ஒரு மருத்துவமனை. "இந்த வருஷம் செப்சிஸ் நோயாளிகளுக்கு உருப்படியா ஏதாவது செய்யணும், ஆனா பணம் அளவாத்தான் இருக்கு" என்று நிர்வாகி பேச்சை ஆரம்பித்தால், மேஜைக்கு வரும் யோசனைகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐசியுவில் இன்னும் நாலு படுக்கை போடலாம் என்பார் ஒருவர். ஆபத்தான நோயாளியைக் கண்டுபிடித்து அலாரம் கொடுக்கும் மென்பொருள் வாங்கலாம் என்பார் இன்னொருவர். வார்டில் மதிப்பெண் போடும் தாள் ஒன்றைக் கொண்டுவரலாம் என்று மூன்றாவது குரல் வரும். முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக்கைக் காஷுவால்ட்டியிலேயே பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்பது நான்காவது. லேபுக்கு லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் குறையும்போது ரத்தத்தில் ஏறும் பொருள்), கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) கருவிகள் என்பது ஐந்தாவது. கடைசியில் யாராவது ஒருவர், "எதுக்கு சார் இதெல்லாம், ஜிப்மர் பக்கத்துலதானே இருக்கு, அனுப்பிடலாமே" என்பார், புதுச்சேரியில் உள்ள பெரிய மத்திய அரசு மருத்துவமனையைச் சொல்லி.

நான் நர்சிங் பக்கத்து ஆள். வார்டில் ராத்திரி டியூட்டி பார்த்து, பிறகு மேற்பார்வை வேலைக்கு வந்தவள். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும். மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாக, முதலில் வர வேண்டும் என்பது என் கட்சி. ஐந்தாவதில் பாதி உடனே வேண்டும், மீதி காத்திருக்கலாம். முதலிரண்டும் பிறகு. ஜிப்மர் விஷயம் தனிக் கணக்கு, அதற்குத் தனியாக வருகிறேன்.

எதை வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன் நம் பக்கத்து நோயாளி யார் என்று பார்த்துவிடுவது நல்லது. உடம்பில் எங்கோ ஓரிடத்தில் தொற்று. அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்வினையே தறிகெட்டுப்போய்ச் சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று உறுப்புகளைக் கெடுக்கிறது. செப்சிஸுக்கு 2016இல் வந்த வரையறையின் சாரம் இவ்வளவுதான். 2017ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கில் 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ், 1.1 கோடி மரணம்; உலகத்தில் நடக்கும் ஐந்து சாவில் ஒன்று. அந்த மரணங்களில் இந்தியாவின் பங்கு சுமார் 29 லட்சம். இந்தக் கணக்கு வந்தபோது உலகச் சுகாதார நிறுவனம் ஏற்கெனவே இதைத் தனிப் பிரச்சினையாக எடுத்துத் தீர்மானம் போட்டிருந்தது, அதுவும் 2017இல்தான்.

நம் ஊரில் அது வரும் வாசல்கள் வேறு. சர்க்கரை நோயாளியின் கால் புண், மூத்திரப் பாதைத் தொற்று, நிமோனியா, பிரசவத்துக்குப் பிந்தைய தொற்று எல்லா ஊருக்கும் பொது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பண்ருட்டி முந்திரித் தோப்பிலிருந்தும் காட்டுமன்னார்கோயில் வயலிலிருந்தும் வரும் காய்ச்சல் அப்படிப்பட்டதல்ல. உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைஃபஸ், எலிக் காய்ச்சல், ஈர மண்ணிலிருந்து வரும் மெலியாய்டோசிஸ், கூடவே டெங்கு. ஸ்க்ரப் டைஃபஸ் கிருமிக்கு நாம் வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன், பிப்டாஸ், மெரோபெனெம் எதுவும் வேலை செய்யாது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். 2023இல் இந்தியாவில் நடந்த பெரிய ஆய்வொன்று, தீவிர ஸ்க்ரப் டைஃபஸில் இரண்டையும் ஊசியாகச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றைத் தனியாகக் கொடுப்பதைவிடச் சிக்கல்களும் விடாத காய்ச்சலும் குறைகின்றன என்று காட்டியது. மெலியாய்டோசிஸுக்குச் செஃப்ட்ரியாக்சோனை நம்ப முடியாது. செஃப்டாசிடைமோ மெரோபெனெமோ போட வேண்டும். வெளிநாட்டு மருத்துவமனையின் செப்சிஸ் நெறிமுறையை அப்படியே இறக்கி அச்சடித்துச் சுவரில் ஒட்டினால், முந்திரித் தோப்பிலிருந்து வந்த ஆளுக்கு வேண்டிய மருந்து அதில் இருக்காது. எந்த யோசனையை எடைபோடும்போதும் இது நினைவில் இருக்க வேண்டும்.

ஐசியு படுக்கை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். படுக்கை வாங்குவது சுலபம். அந்தப் படுக்கைக்கு மூன்று ஷிப்டுக்கும் பழகிய சிஸ்டர் கிடைப்பதுதான் கடினம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆள் வேண்டும். கடலூரிலிருந்து பயிற்சி பெற்ற ஐசியு சிஸ்டர்கள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போகாதே என்று சொல்லும் அளவுக்கு நாம் சம்பளம் கொடுப்பதும் இல்லை.

2001இல் ரிவர்ஸ் என்பவரின் குழு அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தது. காஷுவால்ட்டியிலேயே கழுத்து நரம்பில் விசேஷக் குழாய் போட்டு, ரத்தத்தின் ஆக்சிஜனைத் தொடர்ந்து அளந்து, முதல் 6 மணி நேரம் கட்டுக்கோப்பாகச் சிகிச்சை தந்ததில் இறப்பு 46.5 சதவீதத்திலிருந்து 30.5 ஆகக் குறைந்தது. உலகமே அந்தக் குழாயை வாங்க ஓடியது. பிறகு 2014, 2015இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று மூன்று பெரிய ஆய்வுகள் அதையே திரும்பச் செய்து பார்த்தன. குழாய் போட்டவர்களுக்கும் சாதாரணமாகக் கவனித்தவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் சாதாரணக் கவனிப்பே மாறிவிட்டிருந்தது: சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், சீக்கிரம் ஆன்டிபயாட்டிக் போட்டார்கள், சீக்கிரம் டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஐசியுவுக்கு வெளியே நடக்கிற காரியங்கள் இவை. படுக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வார்டில் ஏழு மணி நேரம் கிடந்துவிட்டு ஐசியுவுக்கு ஏறும் நோயாளிக்கு அந்தப் படுக்கையால் பெரிய லாபம் இல்லை என்கிறேன்.

அலாரம் கொடுக்கும் மென்பொருள்

விற்க வருபவர் திரையில் காட்டும்போது அழகாகத்தான் இருக்கும். நோயாளியின் பல்ஸ், பி.பி., ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் தானே படித்து, செப்சிஸ் வரப்போகிறது என்று சிவப்பில் மின்னும். இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் பல நூறு மருத்துவமனைகள் பயன்படுத்திய எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் கணிப்பை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கை அது தவறவிட்டது. அதே நேரம் சேர்ந்திருந்த நோயாளிகளில் 18 சதவீதத்துக்கு அலாரம் அடித்தது. சவுதி அரேபியாவில் ஐந்து மருத்துவமனைகளின் 45 வார்டுகளில், சுமார் 60,000 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2024இல் வந்தது. அங்கே எளிய விதி ஒன்றை வைத்து அலாரம் கொடுத்தார்கள். 90 நாள் வரையிலான மருத்துவமனை இறப்பு குறைந்தது.

ஆக, மென்பொருள் என்றாலே வீண் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் சவுதி வார்டில் பி.பி. பார்த்தவுடன் எண் கம்ப்யூட்டருக்குள் போய்விடுகிறது. நம்மிடம் சிஸ்டர் முதலில் தாளில் எழுதுகிறார். ஷிப்ட் முடியும் முன் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றுகிறார். இரவு 11 மணிப் பி.பி.க்கு அதிகாலை 5 மணிக்கு அலாரம் அடித்து யாருக்கு என்ன பயன்? பதிவு முழுவதும் படுக்கையருகிலேயே கம்ப்யூட்டரில் நடக்கும் மருத்துவமனை என்றால் இந்த யோசனையை மேலே ஏற்றுங்கள். இல்லையென்றால் இரண்டு வருஷம் தள்ளிப் போடுங்கள்.

மதிப்பெண் தாள்

நான் அதிக நேரம் நிற்கப்போவது இங்கேதான்.

இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய நியூஸ்-2 என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வைத்திருக்கிறோமா இல்லையா, மேல் பி.பி., பல்ஸ், நினைவு, காய்ச்சல். இந்த ஏழுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். 5 வந்தால் டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். 7 வந்தால் அவசரம். இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். பி.பி. கருவி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், தெர்மாமீட்டர், விநாடி முள் உள்ள கடிகாரம் போதும்.

கியூசோஃபா என்று இன்னும் சின்னதாக ஒன்று இருக்கிறது: மூச்சு 22 அல்லது அதற்கு மேல், மேல் பி.பி. 100 அல்லது அதற்குக் கீழ், நினைவு தடுமாற்றம், மூன்றில் இரண்டு. நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபம் என்பதால் பல இடங்களில் இதையே சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். சர்வைவிங் செப்சிஸ் கேம்பெய்ன் என்ற சர்வதேச அமைப்பின் 2021 வழிகாட்டி, நியூஸ் போன்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் வடிகட்டியாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டது. காரணம் ஒரே ஒரு நோயாளியை வைத்தே தெரியும்.

58 வயது, சர்க்கரை நோய், காலில் புண், "சாயங்காலத்துல இருந்து ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்" என்கிறார். மூச்சு 24, ஆக்சிஜன் 95, பி.பி. 104, பல்ஸ் 108, காய்ச்சல் செல்சியஸில் 37.8, நினைவு தெளிவு. கியூசோஃபாவில் இவருக்கு 1தான், தப்பிவிடுவார். நியூஸில் மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, பி.பி.க்கு 1, பல்ஸுக்கு 1, மொத்தம் 5. டாக்டரைக் கூப்பிட வேண்டிய ஆள். கவனியுங்கள், காய்ச்சலுக்கு இவர் ஒரு மதிப்பெண்கூட வாங்கவில்லை. "காய்ச்சலே இல்லையே" என்று விட்டுவிடக்கூடிய நோயாளி இவர்.

இப்போது அதே தாளில் மூச்சை 20 என்று எழுதுங்கள். மொத்தம் 3. யாரும் வரமாட்டார்கள்.

எந்த வார்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பத்துக் கேஸ் ஷீட்டைப் புரட்டுங்கள். மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் 20, 20, 20, நடுவில் மாறுதலுக்கு ஒரு 18, மறுபடி 20. நிமோனியா நோயாளிக்கும் 20, வலியில் துடிப்பவருக்கும் 20. பல்ஸை ஆக்சிமீட்டர் காட்டிவிடுகிறது, பி.பி.யை மெஷின் காட்டிவிடுகிறது. மூச்சை மட்டும்தான் ஒருவர் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. முப்பது நோயாளிக்கு இரண்டு சிஸ்டர் என்ற ராத்திரியில் முதலில் பலியாவது அந்த எண்ணிக்கைதான். சிஸ்டர்களைத் திட்டி இது தீராது. எல்லாருக்கும் எல்லா நேரமும் எண்ணச் சொல்லாமல், தொற்று சந்தேகம் உள்ளவர், அறுவை முடிந்தவர், சர்க்கரை நோயாளி, பிரசவித்தவர் என்று பட்டியல் போட்டு அவர்களுக்கு மட்டும் கட்டாயம் என்றால் முடியும். எண்ணும்போது நோயாளியின் மணிக்கட்டைப் பல்ஸ் பார்ப்பதுபோல் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் அவர் மூச்சே மாறிவிடும். நர்சிங் பள்ளி முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

தாளுக்கான செலவு அச்சுக்கூலி மட்டும். அதன் உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது. 5 வந்து, ராத்திரி 2 மணிக்கு டியூட்டி டாக்டரை எழுப்பிய சிஸ்டரிடம், "இதுக்கெல்லாமா எழுப்புவீங்க?" என்று அவர் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், மறுநாளிலிருந்து எல்லாருக்கும் 20தான். 5க்குக் கூப்பிடுவது சிஸ்டரின் விருப்பமல்ல, மருத்துவமனையின் உத்தரவு என்று தலைமை மருத்துவர் கையெழுத்துப் போட்டு, எல்லா டாக்டர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கையெழுத்து கிடைக்காது என்றால் தாளை அச்சடிக்க வேண்டாம்.

காஷுவால்ட்டிப் பெட்டி

கண்டுபிடித்தாகிவிட்டது. மருந்து நரம்புக்குள் எப்போது போகிறது?

ஒரு வழக்கமான ராத்திரியைக் கற்பனை செய்துகொள்வோம். 11.10க்கு டாக்டர் கேஸ் ஷீட்டில் ஆன்டிபயாட்டிக் பெயரை எழுதிப் பக்கத்தில் "ஸ்டாட்", அதாவது உடனே, என்று போடுகிறார். சிஸ்டர் வேறொரு நோயாளிக்கு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் சின்னக் குழாய்) போட்டுக்கொண்டிருக்கிறார், 11.20க்குத் தாளைப் பார்த்துச் சீட்டு எழுதி, "தம்பி, கீழ பார்மசியில இத வாங்கிட்டு வாங்க" என்று மகனிடம் கொடுக்கிறார். கீழே ஒரே கவுன்ட்டர், முன்னால் நாலு பேர். அட்வான்ஸ் கட்டினால்தான் பில் போடமுடியும் என்கிறார்கள். பணம் அம்மாவின் பையில், அம்மா காஷுவால்ட்டி வாசலில். ஓடிப்போய் வாங்கிவந்து மருந்தோடு மேலே ஏறும்போது 11.50. அலர்ஜி வருகிறதா என்று பார்க்கத் துளி மருந்தில் டெஸ்ட் டோஸ் போட்டு அரை மணி நேரம் காத்திருக்கிறார்கள். பிறகு பார்த்தால் பி.பி. இறங்கி நரம்பு கிடைக்கவில்லை. முதல் டோஸ் உள்ளே போகும்போது 12.35. இதில் யாரும் சும்மா இருக்கவில்லை, யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனாலும் 85 நிமிஷம் போய்விட்டது.

செப்டிக் ஷாக்கில், அதாவது செப்சிஸ் முற்றி பி.பி. விழும் நிலையில், பி.பி. இறங்கியதிலிருந்து சரியான ஆன்டிபயாட்டிக் ஒவ்வொரு மணி நேரம் தாமதமாகும்போதும் பிழைப்போர் விகிதம் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது என்று குமார் என்பவரின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு சொல்லிற்று. அதைவிட எச்சரிக்கையான கணக்கு நியூயார்க்கில் இருந்து வந்தது. 2012இல் ரோரி ஸ்டான்டன் என்ற 12 வயதுப் பையன் செப்சிஸில் இறந்தபிறகு அந்த மாநிலம், எல்லா மருத்துவமனையும் செப்சிஸ் நெறிமுறை வைத்தே ஆக வேண்டும் என்று விதி போட்டது. அங்கிருந்த 149 மருத்துவமனைகளின் ஏறக்குறைய 49,000 நோயாளிகளைப் பார்த்ததில், ஆன்டிபயாட்டிக் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இறப்பு வாய்ப்பு 4 சதவீதம் கூடியிருந்தது. டிரிப்ஸ் முழு அளவும் ஏறி முடியும் நேரத்துக்கு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. அவசரம் மருந்தில்தான் என்று நான் படித்துக்கொள்வது இதிலிருந்துதான்.

பெட்டி அந்த 85 நிமிஷத்தில் மாடிப்படி, கவுன்ட்டர், அட்வான்ஸ் மூன்றையும் வெட்டிவிடும். உள்ளே என்ன? 18, 20 நம்பர் வென்ஃப்ளான், தோல் துடைக்கும் குளோர்ஹெக்சிடின், இரண்டு செட் கல்ச்சர் பாட்டில், ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ், பிப்டாஸ் 4.5 கிராம், மெரோபெனெம் 1 கிராம், கட்டாயமாக டாக்சிசைக்ளின். கலக்கும் தண்ணீர், சிரிஞ்சுகள். நேரம் எழுதும் ஒரு அட்டை. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை உள்ளூர் கிருமிகளின் எதிர்ப்புக் கணக்கைப் பார்த்து மருத்துவர்கள் முன்கூட்டியே எழுதி மூடியில் ஒட்டிவிட வேண்டும். பெட்டிக்குச் சீல். உடைத்தால் காலையில் பார்மசிஸ்ட் வந்து நிரப்பிப் புதுச் சீல் வைக்க வேண்டும். பில் பிறகு ஏறட்டும். பெட்டியில் மருந்து தேதி முடிந்து வீணாகும் என்று அக்கவுன்ட்ஸ் பிரிவு முணுமுணுக்கும். தேதி நெருங்குவதை ஐசியுவுக்கு மாற்றிவிட்டுப் புதியதை வைத்தால் ஒன்றும் வீணாகாது.

டெஸ்ட் டோஸ் பற்றியும் மருத்துவர்கள் ஒரு முடிவுக்கு வரவேண்டும். முன்பு எந்த ஊசிக்காவது உடம்பு தடித்ததா, மூச்சு வாங்கியதா என்று நோயாளியிடமும் வீட்டாரிடமும் ஒழுங்காகக் கேட்பதுதான் அந்த அரை மணி நேரத்தைவிடப் பயனுள்ளது. அலர்ஜி வந்தால் கொடுக்க அட்ரினலின் கையருகே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிஸ்டரே தானாக ஆன்டிபயாட்டிக் போட்டுவிடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். நரம்பு போடுவது, கல்ச்சர் எடுப்பது, பெட்டியைத் திறப்பது வரை நிலையான உத்தரவின் பேரில் சிஸ்டர் செய்யட்டும். மருந்துக்கு டாக்டரின் வாய் உத்தரவு போனிலாவது வேண்டும், வந்தவுடன் கையெழுத்து. சட்டப் பாதுகாப்பு இரண்டு பேருக்கும்.

பெட்டிக்கு எதிரான வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதுதான். கையருகே மெரோபெனெம் இருந்தால் சளிக் காய்ச்சலுக்கும் மெரோபெனெம் போய்விடும். ஏற்கெனவே நம் நாட்டில் மருந்துக்கு அடங்காத கிருமிகளின் நிலைமை தெரிந்ததே. மேற்சொன்ன 2021 வழிகாட்டியே, ஷாக் இருந்தாலோ செப்சிஸ் பெரும்பாலும் உறுதி என்றாலோதான் 1 மணி நேரம் என்கிறது. ஷாக் இல்லாமல் சந்தேகம் மட்டும் என்றால், வேகமாக ஆராய்ந்து, சந்தேகம் தீராவிட்டால் 3 மணி நேரத்துக்குள் போடு என்கிறது. ஆகவே பெட்டியைத் தாள் இல்லாமல் வைக்கக் கூடாது. நியூஸ் 7, அல்லது 5உடன் டாக்டர் பார்த்து எடுத்த முடிவு, அல்லது பி.பி. 90க்குக் கீழ், சீல் உடைய இவற்றில் ஒன்று அட்டையில் இருக்க வேண்டும். கல்ச்சர் பார்த்து 48 மணி நேரத்தில் மருந்தைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று எழுதும் கட்டமும் அதே அட்டையில். இதனால்தான் இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறேன். தாள் மட்டும் வந்தால் ஆபத்து தெரிந்தும் மருந்து கீழ்த்தளத்தில் இருக்கும். பெட்டி மட்டும் வந்தால் யாருக்குத் திறப்பது என்று தெரியாது.

டிரிப்ஸ் விஷயத்தில் அட்டை அடக்கிவாசிக்க வேண்டும். பி.பி. இறங்கியவருக்கோ லாக்டேட் 4க்கு மேல் உள்ளவருக்கோ கிலோவுக்கு 30 மில்லி என்பது பிரபலமான கணக்கு. 50 கிலோ ஆளுக்கு 500 மில்லி பாட்டில் மூன்று. 2021இல் இதைக் கண்டிப்பான பரிந்துரையிலிருந்து யோசனை என்ற அளவுக்கு இறக்கிவிட்டார்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வில் (2011) வேகமாக டிரிப்ஸ் ஏற்றிய குழந்தைகள் அதிகம் இறந்தார்கள். ஜாம்பியாவில் பெரியவர்களிடம் செய்ததிலும் (2017) அப்படியே: நெறிமுறைப்படி ஏற்றியவர்களில் 48.1 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 33 சதவீதம். அங்கே ரத்தசோகையும் எச்.ஐ.வி.யும் அதிகம், வென்டிலேட்டர் குறைவு. நம் நிலைமை அதுவேதான் என்று சொல்ல முடியாது. ஆனால் மழைக்காலத்தில் டெங்கு நோயாளியும் இதே பி.பி.யோடுதான் வருகிறார், அவருக்குக் கணக்கில்லாமல் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு பாட்டில் முடிந்ததும் நெஞ்சைக் கேட்டு, மூச்சை எண்ணி, பிறகு அடுத்தது. பி.பி. ஏறவில்லை என்றால் கையில் உள்ள நல்ல நரம்பிலேயே, பி.பி.யை ஏற்றும் மருந்தான நோராட்ரினலினைத் தொடங்கலாம், கழுத்துக் குழாய்க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அதே வழிகாட்டி சொல்லியிருக்கிறது.

லேப்

லாக்டேட் கருவி இருந்தால் நல்லது. இல்லாததற்காக எதுவும் நிற்க வேண்டாம். நோயாளியின் விரல் நுனியை அழுத்திப் பிடித்து விட்டால் எத்தனை விநாடியில் ரத்தம் திரும்புகிறது என்று பார்த்துச் சிகிச்சையை வழிநடத்திய ஆன்ட்ரோமெடா-ஷாக் ஆய்வில் (2019), 28 நாள் இறப்பு 34.9 சதவீதம், லாக்டேட்டை வைத்து நடத்தியவர்களில் 43.4. புள்ளியியல்படி முழு உறுதி இல்லை என்றாலும் விரல் லாக்டேட்டைவிடக் கெடுதல் செய்யவில்லை. விரலுக்குச் செலவு இல்லை.

கல்ச்சரில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மெலியாய்டோசிஸ் இருக்கும் மண்ணில் கல்ச்சர் இல்லாமல் இரண்டாவது நாள் குருட்டாம்போக்கில்தான் போக வேண்டியிருக்கும். சொந்தமாகத் தானியங்கிக் கருவி வாங்க முடியாவிட்டால், தினமும் பாட்டில்களை எடுத்துப் போய் முடிவைப் போனில் சொல்லும் லேப் ஒன்றோடு ஏற்பாடு செய்யுங்கள். மருந்துக்கு முன் எடுக்க வேண்டும். எடுக்க 45 நிமிஷத்துக்கு மேல் ஆகும் என்றால் மருந்தை நிறுத்திவைக்காதீர்கள். பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். நம் பழக்கத்தில் 3 மில்லி எடுத்து இரண்டு பாட்டிலில் பிரித்து ஊற்றுகிறோம்; பிறகு "கிருமி வளரவில்லை" என்று அறிக்கை வரும், வளராதுதான். பரிசோதனை என்று பேசும்போதே ஒன்று: ஸ்க்ரப் டைஃபஸுக்குக் கண்ணும் ஒரு லேப். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ், பாவாடை நாடா கட்டும் இடம் என்று துணியை விலக்கிப் பார்த்தால் சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு சில சமயம் கிடைக்கும். ஆண் டாக்டர் பார்க்கத் தயங்கும் இடங்கள் இவை; சிஸ்டர் பார்க்க வேண்டும் என்று அட்டையில் ஒரு கட்டம் போட்டுவிடுங்கள்.

"ஜிப்மருக்கு அனுப்பிடலாமே"

கடலூரிலிருந்து ஜிப்மர் இருக்கும் கோரிமேடு வரைபடத்தில் பக்கம்தான். முள்ளோடை, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம், மரப்பாலம் தாண்டிச் சாயங்கால நெரிசலில் ஆம்புலன்ஸ் போன அனுபவம் உள்ளவர்களுக்குத் தூரம் தெரியும். சுற்று மாவட்டங்கள் எல்லாம் சேர்ந்து குவிகிற இடத்தில் போய் இறங்கியவுடனே முதல் டோஸ் ஏறிவிடும் என்று எதிர்பார்ப்பது அவர்களுக்கும் நியாயமில்லை. தெற்கே இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி, இங்கேயே மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனை என்று மற்ற வழிகளும் உண்டு. எங்கே அனுப்பினாலும் ஒன்றுதான்: அனுப்புவதும் சிகிச்சையும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. டயாலிசிஸோ வென்டிலேட்டரோ சீழை வெளியேற்றும் அறுவையோ நம்மிடம் இல்லை என்றால் அனுப்பத்தான் வேண்டும், சீக்கிரமே. ஆனால் நரம்பு, கல்ச்சர், முதல் டோஸ், முதல் பாட்டில் முடிந்தபிறகு.

அனுப்பும் கடிதத்தைப் பாருங்கள். "செப்சிஸ், மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்று ஒற்றை வரி. எந்த மருந்து எத்தனை மணிக்கு, கல்ச்சர் எடுத்ததா, எந்த லேபில் இருக்கிறது, எத்தனை மில்லி ஏறியது, மிகக் குறைந்த பி.பி. எவ்வளவு, கடைசியாக எப்போது எவ்வளவு மூத்திரம் போனது, கல்ச்சர் முடிவைக் கேட்க யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது. இந்த ஏழும் இல்லாவிட்டால் அங்கிருக்கும் டாக்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பெட்டி அட்டையின் நகலே கடிதத்தோடு போகட்டும். நோராட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தால் பம்ப்பின் பேட்டரி கோரிமேடு வரை தாங்குமா என்று கிளம்பும் முன் பார்க்க வேண்டும்.

வரிசை எப்போது மாறும்? 24 மணி நேர பார்மசி காஷுவால்ட்டிக்குள்ளேயே இருந்து, பணம் கேட்காமல் மருந்து தருகிறார்கள் என்றால் பெட்டி அவ்வளவு அவசரமில்லை. அந்தப் பணத்தைக் கல்ச்சருக்குப் போடுங்கள். ஐசியு நிரம்பி, நோராட்ரினலினில் இருப்பவர்கள் வார்டிலேயே கிடக்கிறார்கள் என்றால் நான் முதலில் தள்ளிவைத்த படுக்கை முன்னுக்கு வரும். அப்போதும் நாலு முழு ஐசியு படுக்கைக்குப் பதில் மானிட்டரும் தனி சிஸ்டரும் உள்ள இரண்டு இடைநிலைப் படுக்கை போதுமா என்று கேட்டுப்பாருங்கள்.

அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. 2023இல் மருத்துவமனைச் செப்சிஸ் திட்டத்துக்கு ஏழு அடிப்படைகளை வெளியிட்டது. அதில் முதலாவது கருவியோ மருந்தோ அல்ல, தலைமையின் ஈடுபாடு. அடுத்தது, பொறுப்பு யாருடையது என்பது. ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், இருவர் பெயரில் அந்தப் பொறுப்பை எழுதுங்கள். முதல் மூன்று மாதம் இரண்டே இரண்டை அளந்தால் போதும்: நியூஸ் 5 தொட்ட நேரத்திலிருந்து முதல் டோஸ் ஏறிய நேரம் வரை எத்தனை நிமிஷம், மேற்பார்வையாளர் தானே நின்று எண்ணிய மூச்சும் தாளில் இருக்கும் மூச்சும் எத்தனை பேருக்கு ஒத்துப்போகிறது. இறப்பு விகிதத்தை உடனே அளக்காதீர்கள். எண்ணிக்கை குறைவான மருத்துவமனையில் அது ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். அதை வைத்து யாரையாவது பாராட்டுவார்கள், யாரையாவது திட்டுவார்கள்.

பெட்டியில் எந்த மருந்து, 5க்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தைப் பகல் 11 மணிக்கு வைக்காதீர்கள். ராத்திரி டியூட்டி பார்த்த சிஸ்டர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார். சாயங்காலம் 6 மணிக்கு வைத்தால், டியூட்டிக்கு ஏறும் முன் அவரும் உட்கார முடியும்.